எடைக்கு ஓர் ஆள்

இதற்கு முன் விடுப்பு விண்ணப்பங்களையும் வாழ்த்து மடல்களையும் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. கதை சொல்லத் துணிந்தமைக்குப் படிக்கும் பெரியோர் முதலில் பொறுத்தருள வேண்டும். அச்சமூட்டும் ஆற்றல் எனக்கு இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும் பொறுமை மட்டும் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள். இதை இரவில் படிப்பவர்கள், அருகில் படுத்திருப்பவருடைய பக்கம் மெத்தை அமுங்கியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மேலே படித்தால், என் மனமும் சற்று ஆறும்.

அவரை எல்லோரும் மில்லிமீட்டர் என்றே அழைத்தார்கள். பழைய கார்களின் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றை இடைவெளி பிசகாமல் பொருத்துவது அவர் தொழில். ஒரு கதவின் மேற்புறம் இருக்கும் சந்து கீழ்ப்புறம் ஒரு நூல் அகன்றிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. "இவரு பொண்ணு பார்க்கப் போனா ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஸ்கேல் வச்சுப் பார்ப்பாரு, அதான் இன்னும் ஆகலை" என்று பட்டறையில் பெயிண்டர் கேலி செய்வது வழக்கம். அந்தக் கேலிக்கு ஒருநாள் வேலையில்லாமல் போயிற்று. முன்நெற்றி ஏறிவிட்ட வயதில், கணவரை இழந்த ஒரு பெண்மணியை மில்லிமீட்டர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு மணந்துகொண்டார்.

வீடு அவளுடையது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஒரு துணிப்பெட்டியும் இரண்டு கருவிப்பெட்டிகளுமாக அவர் அங்கே வந்து இறங்கினார். நீளமான, தாழ்ந்த கூரையுள்ள பழைய வீடு. சமையலறை வாசலில் ஒரு தரைக்கல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் மிதித்ததும் 'டக்' என்றது.

"இதைச் சரி பண்ணிடவா?" என்றார், வந்த காலோடு.

"வேண்டாங்க. இருக்கட்டும்." அவள் சிரிக்கவில்லை. "யாரு வர்றாங்கன்னு தெரியும்."

சமையலறைச் சுவரை ஒட்டி, அதே சுவரைத் தனக்கும் முன்சுவராக வைத்துக்கொண்டு, ஒரு கார் கொட்டகை இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்பு ஷட்டரைத் தூக்கியதும் பழைய தோலும் பெட்ரோலும், அவற்றோடு ஒட்டாத இன்னொரு மணமும் வந்தன. முகச்சவரம் செய்துகொண்ட ஆண்பிள்ளை இப்போதுதான் கடந்துபோனது போன்ற சோப்பு மணம்.

துணியை இழுத்தார். இரண்டே இருக்கைகள் கொண்ட, கரும்பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், மூக்கைச் சமையலறைச் சுவர்ப்பக்கம் நீட்டிப் படுத்திருந்தது. பானெட்டின் இரு ஓரங்களிலும் முகப்பு விளக்குகள் மூடிகளுக்குள் உறங்கின. சுவிட்சைத் தட்டினால் மூடிகள் எழும். தவளை கண் விழிப்பதுபோல விளக்குகள் மேலே வரும். அணைத்தால் மூடிகள் இறங்கிப் பானெட்டோடு பானெட்டாகச் சமமாகிவிட வேண்டும்.

வலது மூடி அப்படித்தான் இருந்தது. இடது மூடி ஓர் அட்டைக் கனம் தூக்கியிருந்தது.

"அவரோட காரு," என்றாள் மனைவி, வாசலிலேயே நின்றபடி. "வித்துடலாங்க. பல் டாக்டர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. என்னை மட்டும் அதுல ஏறச் சொல்லாதீங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேட்கலை."

"நான் ஏன்மா சொல்லப்போறேன்?"

அவர் அதை மனதாரச் சொன்னார். அன்றைக்கு மனதில் வேறெதுவும் இல்லை.

விதையைப் போட்டவர் மனைவியின் அக்கா. புதுமணத் தம்பதியைப் பார்க்க வந்தவர், டீயை ஆற்றிக்கொண்டே பழைய கதையை எடுத்தார்.

"முன்னவரு இருந்தப்ப பார்க்கணும் தம்பி. தெருமுனை திரும்பும்போதே இடது லைட்டை மட்டும் தூக்கி இவளுக்குக் கண்ணடிப்பாரு. அதுக்குன்னே தனி சுவிட்சு வச்சிருந்தாரு. இன்ன நேரம்னு இல்லை, நினைச்ச நேரத்துக்கு வந்து நிப்பாரு. இவ அடுப்புல என்ன இருந்தாலும் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடிருவா. அப்படி ஒரு ஜோடி!"

"அக்கா, போதும்," என்றாள் தங்கை. குரல் தாழ்ந்திருந்தது. மில்லிமீட்டர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் அவர் வயிற்றில் ஒரு கங்கு. உயிரோடிருப்பவனோடு போட்டி என்றால் முட்டி மோதிப் பார்க்கலாம். செத்தவனுக்கு நரைப்பதில்லை, குறட்டை இல்லை, கோபத்தில் தட்டை நகர்த்துவதில்லை. அவன் விட்டுச்சென்ற இடத்தில் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போகிறான். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தால், 'அவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போட்டிருப்பாள்' என்று தோன்றியது. அவள் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தால், தெருவில் யாருமில்லாதபோதும், மில்லிமீட்டருக்குள் புகைந்தது.

எனவே அந்த இடது மூடியைத் தாமே, தம் கையாலேயே, ஒரு நூல் பிசகாமல் இறக்கிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கண்ணடித்தவனின் கண்ணை மூடுகிற வேலை. வேறொருவரிடம் விட மனம் வரவில்லை.

முதலில் பானெட்டைச் சரிபார்த்தார். பானெட் கோணியிருக்க மூடியைத் திருத்துவது, செருப்புக்காகக் காலை வெட்டுவது போன்றதாகும். பானெட் நேராகவே இருந்தது. பிறகு மூடியின் திருகுகளைத் தளர்த்தி, முன்னும் பின்னுமாக நகர்த்தி, தபால் அட்டையில் வெட்டிய ஒரு பட்டையைச் சந்தில் விட்டுச் சுற்றிலும் ஓட்டினார். பட்டை எங்கும் சிக்காமலும் எங்கும் தளராமலும் ஓட வேண்டும். கடைசியாக, மோட்டாரிலிருந்து விளக்குச் சட்டத்துக்குப் போகும் இணைப்புக் கம்பியை அரைச் சுற்றுக் குறைத்தார். மூடி இறங்கி அமர்ந்தது. விரல் நுனியால் தடவினால் பானெட் எங்கே முடிகிறது, மூடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தார்.

இடது மூடி ஓர் அட்டைக் கனம் தூக்கியிருந்தது.

ரப்பர் வீங்கியிருக்கும் என்று எண்ணி மீண்டும் இறக்கினார். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் முறை மூடியை இறக்கிவிட்டு, மோட்டார்தான் சேட்டை செய்கிறது என்று பாட்டரியின் கம்பிகளையே கழற்றிக் கீழே போட்டார். மின்சாரம் இல்லாதபோது மூடியைக் கையால் ஏற்றி இறக்குவதற்கென்று மோட்டாரின் அடியில் ஒரு கைத்திருகு உண்டு. அது மேல்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார்.

சுவருக்கு அந்தப்புறம், சமையலறை வாசலில், 'டக்' என்றது. மனைவி உள்ளே வருகிறாள்.

கைத்திருகு மெல்லத் திரும்பியது.

யாருடைய விரலும் அதன் மேல் இல்லை. நிதானமாக, பழகிய கை திருப்புவது போல், அது தன்னைத்தானே திருப்பிக்கொண்டது. தலைக்கு மேல் மூடி ஓர் அட்டைக் கனம் எழும்பி நின்றது.

சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை. தண்ணீர் நின்றது. மீண்டும் 'டக்'. அவள் வெளியே போனாள்.

மூடி இறங்கியது.

இந்த இடத்திலேயே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு எங்காவது போயிருக்கலாம். மில்லிமீட்டர் போகவில்லை. அச்சம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கையில் பொறாமை ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. 'இன்னுமா பார்க்கிறாய்?' என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பல் மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். மூடிகளுக்கு அடுத்தபடியாக விளக்குகளின் குறியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சமதரையில் காரை நிறுத்தி, சக்கரங்களில் காற்று பார்த்து, எதிர்ச்சுவரில் சாக்கட்டியால் இரண்டு சிலுவைக் கோடுகள் போட்டுக்கொள்வார்கள். ஓட்டுநர் இருக்கையில், காரை ஓட்டப்போகிறவரின் எடைக்கு ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். காலி இருக்கையோடு குறிவைத்தால், ஆள் ஏறியதும் வண்டி தாழ்ந்து குறி மாறிவிடும். பட்டறையில் எடைக்கு எப்போதும் பெயிண்டர்தான் உட்காருவார். உட்கார்ந்தபடியே ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்.

வீட்டில் ஆளில்லை. மில்லிமீட்டர் மணல் மூட்டைகளைத் தூக்கி வந்தார். முன்னவர் தடித்த உடம்புக்காரர் என்று நிழற்படத்தில் பார்த்திருந்தார். தாமோ ஒல்லி. தம்முடைய எடைக்கு, ஒரு பிடி கூடவோ குறையவோ இல்லாமல், மணலை நிறுத்து இருக்கையில் ஏற்றினார். விற்கும்வரை இந்த வண்டிக்குத் தாம்தான் எடை என்று அதற்குப் புரியட்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஷட்டரை இறக்கினார். நண்பகலிலும் கொட்டகை கும்மிருட்டாயிற்று. பாட்டரியை மாட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

ர்ர்ர்ர். இரண்டு கண்களும் விழித்தன.

வலது ஒளிவட்டம் தன் சிலுவையில் போய் நின்றது. இடது வட்டம் நிற்கவில்லை. அது சுவரில் இடப்பக்கமாக நகர்ந்தது, தயங்கியது, சற்றுத் தாழ்ந்தது, மறுபடி உயர்ந்து வலப்பக்கம் வந்தது. விளக்கின் திசையை மாற்றும் குறித்திருகுகள் இரண்டும் இறுகித்தான் இருந்தன. வட்டம் நின்ற இடங்களிலெல்லாம் அவர் சாக்கட்டியால் புள்ளி வைத்தார். எத்தனை அச்சத்திலும் அளவெடுக்கிற கை அது.

பிறகு அளவுநாடாவோடு சமையலறைக்குப் போய், அதே சுவரின் மறுபக்கத்தில் அந்தப் புள்ளிகளை அளந்து குறித்தார்.

ஒன்று அடுப்பின் முன்னால், அவள் முகம் இருக்கும் உயரம். ஒன்று பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால், குனிந்த முகத்தின் உயரம். ஒன்று அவள் உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலிக்கு நேரே.

"என்னங்க, சுவத்துல என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"ஈரம் இறங்குதான்னு பார்த்தேன்," என்றார்.

மறுநாள் பெயிண்டரை வரவழைத்தார். வந்தவர் காரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்.

"அடேங்கப்பா! ஆளைவிட ஆள் விட்டுட்டுப் போன காரு அழகா இருக்கும்போலயே. யோவ் மில்லி, உன் சம்சாரம் உன்னைக் கட்டிக்கிட்டது இதைத் துடைக்கறதுக்கா?"

"வாயை மூடிட்டு ஏறி உட்காருய்யா."

மணல் மூட்டைகளை இறக்கினார்கள். பெயிண்டர் செருப்போடு காலை நுழைத்து, இருக்கையில் சாய்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"சீட்டுக்குள்ள என்னய்யா வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லையே."

"யாரோ மடியில உட்கார்ந்த மாதிரி இருக்குய்யா."

பெயிண்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அசையாமல், கழுத்தைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

"மில்லி... பிடரியில மூச்சு விடுது."

அடுத்த கணம் அவர் வெளியே இருந்தார். ஷட்டருக்கு அடியில் உருண்டு தெருவுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு செருப்பு காருக்குள்ளேயே கிடந்தது.

பெயிண்டர் இறங்கிய பிறகும் கார் எழும்பவில்லை. மூட்டையும் இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் முன்புறம் ஒரு தடித்த மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அளவுக்குத் தாழ்ந்தே இருந்தது.

இதற்குப் பிறகும் அவர் தினமும் மதியம் ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். வேலைக்காக அல்ல. இடது வட்டத்தைப் பார்ப்பதற்காக. மனைவி வீட்டில் எங்கே நிற்கிறாள், எங்கே உட்காருகிறாள் என்பதை அந்த வட்டம் அவருக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. வெறுக்கிற ஒருவரோடு ஒரே கண்ணால் பார்க்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை.

அப்போது ஒன்றைக் கவனித்தார். பிற்பகலில் வேலை ஓய்ந்ததும் வட்டம் அடுப்பிலும் தொட்டியிலும் இல்லாமல், சுவரின் நடுவில் ஓரிடத்தில் வந்து நெடுநேரம் அசையாமல் நிற்கும். அங்கே சமையலறையில் எந்தச் சாமானும் கிடையாது. வெறும் சுவர்தான். வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கூர்மையாகும். ஒருவர் சுவருக்கு மிக அருகில், கன்னத்தை வைத்து நிற்பது போல.

காரைப் பார்த்தபடி. முன்னவரைப் பார்த்தபடி.

அன்று அவரால் தாங்கமுடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வாசற்கல்லை ஓங்கி மிதித்தார். அவள் சுவரிலிருந்து சட்டென்று விலகினாள்.

"இங்க என்ன பண்ற?"

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க வேலை செய்யற சத்தம் கேட்டுச்சு. கேட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும். அதான்..."

"நிம்மதி யாரால வருதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வா," என்றார். "இடது லைட்டுக்குக் குறி நிக்கலை. எடைக்கு ஆள் வேணும். வந்து உட்காரு."

"வேண்டாம்னு சொல்லியிருந்தேனேங்க."

"ரெண்டு நிமிஷ வேலை."

"சீட்டுல மணலை வைங்க. அக்காவைக் கூப்பிடறேன். யாரை வேணா..."

"அவரு கூப்பிட்டிருந்தா ஏறியிருப்ப இல்ல?"

கொட்டகையின் பக்கமிருந்து ர்ர்ர் என்று ஓர் ஓசை எழுந்து அடங்கியது. சுவிட்சை யாரும் தட்டவில்லை. அவள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரும் இப்படித்தான் கேட்பாரு," என்றாள் மெதுவாக. "வேற யாராவது கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பன்னு."

மில்லிமீட்டர் அதன் பொருளை அப்போது நின்று அளந்திருக்கலாம். வாழ்நாள் முழுவதும் சந்துகளை அளந்தவர், அந்த ஒன்றை அளக்கத் தவறினார். அவள் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்; இழுத்துச் சென்றார் என்பதே சரி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவள் பெயிண்டரின் செருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வெந்நீரில் கால் வைப்பவள்போல ஒவ்வொரு காலாக உள்ளே வைத்து, உட்கார்ந்தாள்.

கார் தாழ்ந்தது.

ஷட்டரை இறக்கி விளக்கைப் போட்டார். மூடிகள் இரண்டும் ஒரே மூச்சில் எழுந்தன. இடது வட்டம் சுவரில் அலையவில்லை, தேடவில்லை. நேராகச் சிலுவையில் போய் அமர்ந்தது. வலதும் இடதும் ஒரே உயரம், ஒரே விளிம்பு. தொழிலில் அவர் கண்டிராத துல்லியம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு மெய்யாகவே மகிழ்ச்சியாயிருந்தது.

"இறங்கலாமா?" என்றது அவள் குரல், இருளுக்குள்.

"இறங்கும்மா, முடிஞ்சுது," என்றார் அவர்.

அவள் இறங்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

"இறங்கலாமா?" என்று மறுபடி கேட்டாள்.

அவள் மில்லிமீட்டரிடம் கேட்கவில்லை.

பிறகு கதவு திறந்தது. அவள் இறங்கி, அவரைக் கடந்து, வெளியே போனாள். சோப்பு மணம் கொட்டகை முழுவதும் பரவியிருந்தது. கார் எழும்புமென்று அவர் காத்திருந்தார். அது எழும்பவில்லை. வட்டங்கள் இரண்டும் சிலுவையிலேயே நின்றன.

சமையலறை வாசலில் 'டக்' என்ற ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார். வரவில்லை. போய்ப் பார்த்தார். அவள் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கல்லை மிதித்தார்.

டக்.

"நீ வந்தப்ப சத்தம் கேட்கலையே," என்றார்.

"கேட்காதுங்க," என்றாள்.

அன்று படுக்கையில் அவள் தன் பக்கம் சாய்ந்தபோது மெத்தை அமுங்கவில்லை. போர்வை மட்டும் அவள் உருவத்துக்கு மேடிட்டிருந்தது. தலையணையில் தலை இருந்தது, பள்ளம் இல்லை. அவள் தோளைத் தொட்டார். சூடாகத்தான் இருந்தது. மூச்சும் இருந்தது. தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஓர் எண்ணம் வந்தது. தூக்கினால் எவ்வளவு எளிதாகத் தூக்கிவிடுவோம் என்று அஞ்சி, கையை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவர் வந்தார். மூடிகளுக்கு முன்னால் மண்டியிட்டு, சந்துகளில் நகத்தை ஓட்டிப் பார்த்து, "ஆகா! முத்துப் பல்வரிசை! என்கிட்ட வர்ற ஒருத்தருக்காவது இப்படி இருந்தா நான் கடையை மூடிட்டுப் போயிடுவேன்" என்று வியந்தார். பிறகு எழுந்து, பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"ஆனா ஏன் இப்படி இறங்கிப்போய் இருக்கு? உள்ள ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி."

அப்போதுதான் மில்லிமீட்டருக்கு முழுவதும் விளங்கியது. இந்தக் கார் எங்கே போனாலும் அவளுடைய கனம் அதோடு போய்விடும்.

"விக்கறதா இல்லை, டாக்டர்," என்றார்.

"என்ன சார் இது! வாயைத் திறக்கச் சொல்லிட்டுப் பல்லைப் பிடுங்க மாட்டேன்னா எப்படி?"

"மன்னிச்சிடுங்க. விக்கறதா இல்லை."

மருத்துவரின் வண்டி தெருமுனை தாண்டியதும் மனைவி ஒரு பையோடு வாசலில் நின்றாள். பையின் பிடி அவள் தோளை அழுத்தவில்லை.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க."

"நான் வேணும்னு பண்ணலைம்மா."

"தெரியும். அவரும் வேணும்னு பண்ண மாட்டாரு." கொட்டகைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "ஜன்னல்ல போய் நின்னது ஆசையில இல்லீங்க. நிக்கலைன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சதால. சுவத்துகிட்ட நின்னது உங்க ஸ்பேனர் சத்தத்துக்கு. அது நிதானமா இருக்கும். யாரையும் அடிக்கிற சத்தம் மாதிரி இருக்காது."

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"தேடி வராதீங்க," என்றாள். "நினைச்ச நேரத்துக்கு வந்து நிக்காதீங்க."

படியிறங்கிப் போனாள். மழை பெய்து ஈரமாயிருந்த மண்ணில் காலடித் தடம் விழவில்லை.

சில நாள் கழித்து அக்காள் தொலைபேசியில் அழைத்தார். பழைய கலகலப்பு இல்லை.

"என்ன தம்பி பண்ணீங்க என் தங்கச்சியை? சாப்பிடறா, பேசினா பேசறா. ஆனா நாற்காலியில உட்கார்ந்தா நாற்காலி கிறீச்சுங்க மாட்டேங்குது. நேத்து காத்து அடிச்சப்ப ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

மில்லிமீட்டர் தொலைபேசியை வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். வெளியே நல்ல வெயில். ஷட்டரைத் திறந்தே வைத்தார். வெளிச்சம் டிக்கி வரை வந்து, அதற்கு மேல் வர மறுத்து நின்றது. கார்க் கதவைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கையின் தோல் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் இன்னொரு சிறிய பள்ளம், மடியில் உட்கார்த்தி வைத்த பிள்ளைபோல.

கைகூப்பினார். "அவளை விட்டுடுங்க. எடைக்கு ஆள்தானே வேணும்? நான் உட்காருறேன். என்னை வச்சுக்குங்க."

சோப்பு மணம் மட்டும் எழுந்தது.

ஒரு காலை உள்ளே வைத்தார்.

"ஏறாதீங்க."

மனைவியின் குரல். காதுக்குள் விழும் அளவுக்கு மட்டும், மூச்சில் பாதியாக. காலி இருக்கையிலிருந்து.

"பேசாதீங்க. நீங்க யார்கிட்ட பேசறீங்கன்னு அவரு ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அவர் காலை எடுத்தார். எடுத்த கணமே முன்னால் ர்ர்ர் என்றது. அவர் கழற்றி வைத்திருந்த பாட்டரி அலமாரியின் மேல் இருந்தது. கம்பிகள் தரையில் கிடந்தன. இடது மூடி மட்டும் எழுந்தது. வலது உறங்கிக்கொண்டிருந்தது. மூடி பாதிவரை உயர்ந்து, ஒருமுறை இறங்கி, மறுபடி உயர்ந்தது.

கண்ணடித்தது.

இம்முறை வட்டம் சுவருக்குப் போகவில்லை. கதவோரம் நின்ற மில்லிமீட்டரின் நெஞ்சில் வந்து நின்றது. முன்னால் நீண்டு விழ வேண்டிய விளக்கொளி, பக்கவாட்டில் நின்றவர் மேல் எப்படி விழுந்தது என்பதை அவரால் இன்றுவரை அளந்து சொல்ல முடியவில்லை.

இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. போனவற்றை மட்டும் கூட்டிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். காரை வாங்க வந்தவர் போனார். பெயிண்டரின் நட்பு போயிற்று. அவருடைய ஒரு செருப்பு இன்னும் காருக்குள் கிடக்கிறது, எடுக்க யாரும் கை நீட்டவில்லை. மில்லிமீட்டரின் தூக்கம் போயிற்று. பட்டறை வேலையும் போயிற்று. கையில் நடுக்கம் வந்த பிறகு சந்து பார்க்க முடியாது. வீட்டுக்குள் ஒரு பெண் நடமாடும் ஓசை போயிற்று. அக்காள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவைத்து வாழும் அவளுக்குக் காற்றடிக்கும் நாட்களில் தெருவில் இறங்கும் உரிமை போயிற்று. அவள் கேட்டிருந்த ஒரே வாக்கு எல்லாவற்றுக்கும் முன்னாலேயே போய்விட்டது.

போகாதது கார் ஒன்றுதான். அது அதே கொட்டகையில், அதே அளவு தாழ்ந்து நிற்கிறது. தபால் அட்டைப் பட்டை இரண்டு மூடிகளையும் சுற்றி எங்கும் சிக்காமல் ஓடுகிறது. மதியம் மட்டும் இடது மூடி ஓர் அட்டைக் கனம் தூக்கிக்கொள்கிறது.

சமையலறை வாசலில் கல் 'டக்' என்கிறது. அந்த வீட்டில் இப்போது இருப்பது மில்லிமீட்டர் ஒருவர்தான்; அவரோ அப்போது கொட்டகையில் இருக்கிறார்.